பட்டாளத்துப் பதிவேட்டில் ஒரு பெயர்

மைசூரில் குடியேறிய தமிழர்களை எண்ணும்பொழுது, ரயில்வே வேலைக்கு வந்தவர்களும் வாணிபத்துக்கு வந்தவர்களுமே முதலில் நம் நினைவுக்கு வருகின்றனர். பட்டாளத்தில் பணி முடித்து, பெங்களூரிலோ வெல்லிங்டனிலோ கழித்த காலத்தின் பழக்கத்தால் இந்தக் குளிர்ந்த சீமையை விட்டுப் போக மனமின்றி, பிள்ளைகளின் படிப்பையும் கருதி இங்கேயே வீடு பிடித்துத் தங்கிவிட்டவர்களும் உண்டு. அவர்களையும், வேறு மாநிலங்களில் அவ்வாறே தங்கிவிட்ட தமிழ்ச் சிப்பாய்களின் குடும்பங்களையும் முன்னிட்டு இன்று ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறோம். இராணுவப் பதிவேட்டில் பிழை இருந்தால் அதனை எவ்வாறு திருத்திக்கொள்வது என்பதே அது. கேட்பதற்கு வறண்ட பொருள்தான். ஆயினும் பல இல்லங்களில் ஒரு மூதாட்டியின் மாதச் செலவு அதனுள் அடங்கியிருக்கிறது.

ஓர் அவில்தாரை எண்ணிக்கொள்வோம். இது இன்னார் குடும்பத்துக் கதை என்று இல்லை. எவர் குடும்பத்திலும் நிகழக்கூடியது. அவர் 1974ஆம் ஆண்டில் வட ஆற்காடு ஜில்லாவிலிருந்து சென்று மதராஸ் பொறியாளர் படையில் சேர்ந்தார். 1979இல் விடுப்பில் ஊருக்கு வந்து மணம் புரிந்துகொண்டார். படைக்குத் திரும்பியதும் மணமான செய்தியை எழுதிக் கொடுத்தார். மனைவியின் பெயரைக் கேட்டபொழுது, வீட்டில் எல்லோரும் அழைக்கும் பெயரையே, 'பாக்கியம்' என்று சொன்னார். பள்ளிச் சான்றிதழிலோ அந்த அம்மையார் பாக்கியலட்சுமி. ஓய்வுபெற்று மைசூருக்கு வந்தபின் குடும்ப அட்டை எழுதிய கன்னட எழுத்தர், தம் மொழியின் வழக்கப்படி 'பாக்யம்மா' என்று எழுதினார். ஆதார் அட்டையும் அதனையே பின்பற்றியது. மூன்று பெயருக்கும் உரியவர் ஒருவரே என்பதில் தெருவில் எவருக்கும் ஐயமில்லை. அவில்தார் இருந்தவரை ஒரு தொல்லையும் நேரவில்லை. பென்ஷன் அவர் பெயரிலன்றோ வந்துகொண்டிருந்தது! அவர் மறைந்தபின் குடும்பப் பென்ஷன் கோரி விண்ணப்பித்தபொழுதுதான், பதிவேட்டுப் பாக்கியமும் ஆதாரிலுள்ள பாக்யம்மாவும் ஒருவரே என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அந்த அம்மையாரின் தலையில் விழுந்தது. அப்பெயரைப் பதிவேட்டில் எழுதச் சொன்னவர் அவரல்லர். எழுதச் சொன்னவரோ சாட்சி கூற இல்லை.

கணவர் இருக்கும்பொழுது ஒரு விண்ணப்பத்தில் முடிந்துவிடக்கூடிய காரியம், அவருக்குப் பின் பல மாதங்கள் இழுக்கும். சில வேளைகளில் நீதிமன்றப் படியேறும்படியும் ஆகும். இதனை மனத்திற்கொண்டே மேலே சொல்லப்போவனவற்றைக் கேட்க வேண்டுகிறோம்.

முதலில் பதிவேடு என்பது யாது, அது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்வோம். சிப்பாயாகச் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் 'ஷீட் ரோல்' என்னும் பணிப் பதிவேடு ஒன்று உண்டு. சேர்ந்த நாள், பிறந்த தேதி, தந்தையின் பெயர், சொந்த ஊர், உடலில் உள்ள அடையாளங்கள், நெருங்கிய உறவினர் ஆகிய யாவும் அதில் பதிவாகும். பின்னர் நேரும் மாறுதல்கள், அதாவது திருமணம், குழந்தை பிறப்பு, மனைவியின் மறைவு போன்றவை, 'இரண்டாம் பகுதி உத்தரவு' என்று பட்டாளத்தார் வழங்கும் முறையான அறிவிப்பு வாயிலாகவே அதில் ஏறும். வாயால் சொன்னது ஏறாது; கடிதத்தில் எழுதியதும் அந்த உத்தரவு வெளியாகாவிடில் ஏறாது. ஓய்வுபெறும்பொழுது சிப்பாயின் கையில் கொடுக்கப்படும் 'டிஸ்சார்ஜ் புத்தகம்' இப்பதிவேட்டின் சுருக்கம். பென்ஷன் வழங்கும் ஆணையும் இதிலிருந்தே எழுதப்படுகிறது. ஆகவே முதல் ஏட்டில் விழுந்த பிழை அடுத்தடுத்த தாள்களிலெல்லாம் இறங்கிவிடுகிறது. கடைசித் தாளை மட்டும் திருத்த முயல்வோர் அலைக்கழிவதற்குக் காரணம் இதுவே.

இப்பதிவேட்டை வைத்திருப்பது அந்தந்தப் படைப்பிரிவின் ஆவணக் காரியாலயம். பட்டாளத்தார் 'ரிக்கார்டு ஆபீஸ்' என்பர். மதராஸ் ரெஜிமெண்டினருக்கு அது நீலகிரியிலுள்ள வெல்லிங்டனில் இருக்கிறது. 'தம்பிகள்' என்று செல்லப்பெயர் பெற்ற மதராஸ் பொறியாளர் படையினருக்குப் பெங்களூர். இயந்திரப் பொறியியல் பிரிவினருக்கும் தளவாடப் பிரிவினருக்கும் செகந்திராபாத். சிக்னல் பிரிவினருக்கு ஜபல்பூர். பீரங்கிப் படையினருக்கு நாசிக் ரோடு. மருத்துவப் பிரிவினருக்கு லக்னோ. கடற்படை மாலுமிகளுக்கு மும்பையும் விமானப்படையினருக்குப் புது தில்லியும் ஆகும். நாம் வாழும் ஊருக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. மைசூரில் இருப்பவர் மைசூரில் மனுக்கொடுத்துவிட்டுக் காத்திருப்பதும், வேலூருக்குப் போய் அங்கே கேட்பதும், பதிவேட்டைத் தொடாத முயற்சிகளே.

இனிப் பிழை எவ்வாறு நுழைகிறது என்பதைப் பார்ப்போம். பிற மாநிலத்தாரைக் காட்டிலும் தமிழர்க்கு இதில் தொல்லை மிகுதி. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே வைத்து நம் பெயரைச் சொல்லுகிறோம். முதலெழுத்து என்பது பெயரின் பகுதியா, அன்றிக் குறியா என்று வடநாட்டு எழுத்தருக்குத் தெரிய வழியில்லை. அவர் படிவத்தில் குடும்பப் பெயருக்கென்று ஒரு கட்டம் உண்டு. அது காலியாக இருத்தல் ஆகாது. ஆகவே முத்துசாமி மகன் முருகேசன், ஒரு தாளில் எம். முருகேசனாகவும், மற்றொன்றில் முருகேசன் எம். ஆகவும், வேறொன்றில் முருகேசன் முத்துசாமியாகவும், சில இடங்களில் முருகேசன் என்னும் தந்தைக்குப் பிறந்த முத்துசாமியாகவும் ஆகிவிடுகிறார். இறுதியிற் சொன்னது நகைப்புக்குரியதாய்த் தோன்றும், அகப்பட்டுக்கொண்டவருக்கு நகைப்பாயிராது.

அடுத்தது எழுத்து. நம் 'ழ'கரத்தை ஆங்கிலத்தில் இசட்-எச் என்ற இரண்டு எழுத்தாக ஒருவர் எழுதுவார். எல் என்று ஒருவர் எழுதுவார். 'த'கரத்துக்குப் பின் எச் உண்டா இல்லையா என்பது எழுதுகிறவரின் பள்ளிக்கூடத்தைப் பொறுத்தது. 'அம்மாள்' என்பதன் ஈற்றில் எல் எழுதுவார் சிலர், விட்டுவிடுவார் சிலர். கர்நாடகத்தில் வாழ்வோருக்கு இன்னொன்றும் சேர்கிறது. நம் இலட்சுமி அம்மாள் கன்னடத்தில் இயல்பாகவே லக்ஷ்மம்மா ஆகிவிடுகிறார். அதை எழுதியவர் தவறு செய்ததாகக் கருதவில்லை. தம் மொழியில் திருத்தமாக எழுதியதாகவே கருதினார். காது கேட்டால் ஒரே பெயர். ஆனால் இன்று பெயர்களை ஒப்பிடுவது காதன்று, கணிப்பொறி. 2021 முதல் பாதுகாப்புத் துறைப் பென்ஷன்கள் படிப்படியாக 'ஸ்பர்ஷ்' என்னும் கணினி முறைக்கு மாற்றப்பட்டன. பிரயாக்ராஜிலுள்ள பாதுகாப்புக் கணக்குப் பென்ஷன் அலுவலகம் இதனை நடத்துகிறது. ஆண்டுதோறும் உயிரோடிருப்பதற்கான சான்றை ஆதார் வழியே கொடுக்கும்பொழுது, அங்குள்ள பெயரும் இங்குள்ள பெயரும் பொருந்தாவிடில் தடங்கல் ஏற்படுகிறது. முன்பு வங்கியில் முகம் அறிந்த குமாஸ்தா ஒருவர் பொறுத்துப்போன எழுத்து வேற்றுமையை இம்முறை பொறுப்பதில்லை. இதனைக் குறையாகவும் சொல்லலாம். பல்லாண்டு மறைந்துகிடந்த பிழைகளை வெளிக்கொண்டுவந்த நன்மையாகவும் சொல்லலாம். நாம் இரண்டாவதையே சொல்லுவோம்.

பிழையல்லாதவற்றைப் பிழையென்று எண்ணி வீணே அஞ்சுவோரும் உளர். ஊர்ப்பெயர்கள் அத்தகையவை. வட ஆற்காடு ஜில்லா 1989இல் இரண்டாகப் பிரிந்தது. அதிலிருந்து வந்த வேலூர் மாவட்டம் 2019இல் மூன்றாகியது. வீட்டுக்கொருவர் பட்டாளத்தில் சேர்ந்ததால் 'இராணுவப்பேட்டை' என்றே பேர்பெற்ற கம்மவான்பேட்டை அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. அங்கே பிறந்த பழைய சிப்பாயின் ஏட்டில் வட ஆற்காடு என்றே இருக்கும், அது சரியே. மைசூர் இராஜ்யம் 1973 நவம்பர் 1ஆம் தேதி கர்நாடகமாயிற்று. நகரத்தின் பெயரும் 2014 நவம்பர் 1ஆம் தேதி முதல் அரசுத் தாள்களில் மைசூரு என்று எழுதப்படுகிறது. (பெயர் விஷயத்தில் இவ்வூருக்கு வானொலி கடமைப்பட்டிருக்கிறது என்பதிலும், வானொலியே இவ்வூருக்குக் கடமைப்பட்டிருக்கிறது என்பது பொருந்தும். 'ஆகாசவாணி' என்பது 1935இல் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி மைசூரில் தம் இல்லத்தில் தொடங்கிய சிறு நிலையத்தின் பெயர்.) சேர்ந்த நாளில் வழங்கிய பெயர் சேர்ந்த நாளின் ஏட்டில் இருப்பது முறை. முகவரி மாறியிருந்தால் புது முகவரியைத் தெரிவிக்க வேண்டும். பழைய ஜில்லாவைத் திருத்தச் சொல்லி மனுச் செய்யத் தேவையில்லை.

பிறந்த தேதிக்கு வருவோம். நம் நாட்டில் பிறப்பைப் பதிவு செய்வதற்கான சட்டம் 1969இல்தான் நாடு முழுமைக்கும் ஒன்றாக இயற்றப்பட்டது. அதற்கு முன் பிறந்த பலரின் தேதி, பள்ளியில் சேர்த்த நாளில் ஆசிரியர் கணக்கிட்டு எழுதியது. அதே தேதி பட்டாளத்துக்கும் போயிற்று. பின்னால் ஜாதகம் கிடைத்தது, தாயார் சொன்னார், வேறு தேதியே மெய்யானது என்று எழுதுகிறவர்கள் பலர். தேதி மெய்யாகவே இருக்கலாம். ஆனால் சேரும்பொழுது ஒப்புக்கொண்டு கையெழுத்திட்ட தேதியை ஓய்வுபெறும் காலத்திலோ ஓய்வுக்குப் பின்னரோ மாற்றுவது கிட்டத்தட்ட இயலாத காரியம். அரசு ஊழியர் சேர்ந்த ஐந்தாண்டுக்குள் இதனைக் கேட்க வேண்டும் என்னும் 1979ஆம் ஆண்டு விதியை முன்னிட்டு, காலங்கடந்த கோரிக்கையை ஏற்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 1993இல் தீர்ப்பளித்தது. அதன் பின்னர் வந்த தீர்ப்புகள் பலவும் அவ்வழியே சென்றன.

நாட்டின் தரைப்படைத் தலைவரே இவ்விஷயத்தில் நீதிமன்றம் சென்று திரும்பியதைப் பலர் நினைவுகூர்வர். ஜெனரல் வி. கே. சிங்கின் பிறந்த தேதி பள்ளிச் சான்றிதழின்படி 1951 மே 10. தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கு விண்ணப்பித்த படிவத்திலோ 1950 என்று எழுதப்பட்டிருந்தது. தலைமையகத்திலேயே ஒரு கிளை 1951 என்றும், பதவி உயர்வுகளைக் கவனிக்கும் மற்றொரு கிளை 1950 என்றும் பல பத்தாண்டுகள் வைத்திருந்தன. தலைமைத் தளபதி 62 வயதில் ஓய்வுபெற வேண்டும். ஆகவே அந்த ஓராண்டு, பதவியில் ஓராண்டாயிற்று. 2012 ஜனவரியில் அவர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். இடையில் 1950ஐ ஏற்பதாக அவரே எழுதிக் கொடுத்திருந்ததை நீதிபதிகள் சுட்டிக்காட்டினர். பிப்ரவரி 10ஆம் தேதி அவர் மனுவைத் திரும்பப் பெற்றார். மே 31ஆம் தேதி ஓய்வுபெற்றார். இளமையில் நிரப்பிய படிவத்தின் ஓர் இலக்கம் அது. இவ்வழக்கின் நியாயம் எப்பக்கம் என்று ஆராய்வது நம் நோக்கமன்று. அத்துணை உயர்ந்த பதவியில் இருந்தவர்க்கும் அசையாத தேதி, ஓய்வுபெற்ற நாயக்குக்கு அசையும் என்று நம்பி வக்கீலுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் இதனை எண்ணிப்பார்க்கட்டும்.

ஆனால் மனைவியின் பிறந்த தேதி வேறு விஷயம். அதனைச் சேர்க்கவும் திருத்தவும் முடியும், செய்தாகவும் வேண்டும். ஏனெனில் பென்ஷன் பெறுவோர்க்கும் குடும்பப் பென்ஷன் பெறுவோர்க்கும் 80 வயது நிறைந்தால் அடிப்படைத் தொகையில் நூற்றுக்கு 20 கூடுதலாகக் கிடைக்கிறது. 85இல் அது 30, 90இல் 40, 95இல் 50, நூறு வயது கண்டவர்க்கு முழுத் தொகையே இரட்டிப்பாகிறது. மனைவியின் பிறந்த தேதி ஏட்டில் இல்லையெனில் அவருக்கு 80 நிறைந்தது எவ்வாறு தெரியும்? மனைவியின் பெயரே இடம்பெறாத பழைய பென்ஷன் ஆணைகளும் உண்டு. பெட்டியிலிருந்து ஆணையை எடுத்து, மனைவியின் பெயர் இருக்கிறதா, பிறந்த தேதி இருக்கிறதா என்னும் இரண்டை மட்டுமேனும் இன்றே பார்த்துவிடுமாறு நேயர்களை வேண்டுகிறோம்.

ஏட்டின் ஆயுளும் அறியத்தக்கது. பென்ஷன் பெறாமல் விலகிய சிப்பாயின் பணிப் பதிவேடு 25 ஆண்டுகள் காக்கப்பட்டு, பின்னர் இராணுவ விதிகளின்படி அழிக்கப்படுகிறது. பென்ஷனுக்கு 15 ஆண்டுப் பணி தேவை. அதற்கு முன் விலகியவர், அல்லது நோயால் அனுப்பப்பட்டவர், முப்பது ஆண்டு கழித்துத் தம் உரிமையைக் கேட்டால், ஏடு இல்லை என்ற விடையே வரக்கூடும். அந்நாளில் அவர் கையிலுள்ள டிஸ்சார்ஜ் புத்தகமே எஞ்சிய சான்று. சில நாடுகளில் விதி செய்யாததைத் தீ செய்தது. அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகரின் ஆவணக் காப்பகத்தில் 1973 ஜூலை 12ஆம் தேதி பற்றிய நெருப்பு, 1 கோடியே 60 இலட்சத்துக்கு மேற்பட்ட வீரர்களின் கோப்புகளை எரித்தது. இலண்டனில் 1940 செப்டம்பர்க் குண்டுவீச்சில் முதல் உலகப்போர்ச் சிப்பாய்களின் ஏடுகளில் பெரும்பகுதி சாம்பலாயிற்று. அங்கெல்லாம் குடும்பத்தார் வைத்திருந்த பிரதிகளைக் கொண்டே பலருடைய பணி மீண்டும் நிறுவப்பட்டது.

மைசூருக்கே உரிய ஒரு நிகழ்ச்சியும் இங்கு நினைக்கத்தக்கது. இந்நகரத்து மகாராஜாவின் குதிரைப்படை, ஜோத்பூர்ப் படையுடன் சேர்ந்து 1918 செப்டம்பர் 23ஆம் தேதி ஹைபா நகரைக் கைப்பற்றியது. தில்லியில் தீன்மூர்த்திச் சிலைகள் மூன்றும் ஜோத்பூர், ஹைதராபாத், மைசூர்ப் படைகளைக் குறிப்பன. சிலையாக நின்றவர்களின் பெருமை நிலைத்தது. ஆனால் அதே போரில் மெசபடோமியாவில் மாண்ட இந்தியச் சிப்பாய்கள், பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் பெயரின்றி எண்ணிக்கையாக மட்டுமே பொறிக்கப்பட்டனர். காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கையில் இத்தகைய வேற்றுமையை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. குறைந்தது 1,16,000 பேர் பெயரிட்டு நினைவுகூரப்படவேயில்லை என்று அவ்வறிக்கை கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கரும் மத்திய கிழக்கு நாட்டினரும் ஆவர். நூறாண்டுக்குப் பின் அப்பெயர்களைத் தேடுவதற்கு ஏடுகளே துணை. ஏடு இல்லாத இடத்தில் தேடல் நின்றுவிடுகிறது.

திருத்தம் கோரும் முறையைச் சொல்லுவோம். விண்ணப்பம் படைப்பிரிவின் ஆவணக் காரியாலயத்துக்கே போக வேண்டும். அதில் படை எண், பதவி, பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள், பென்ஷன் ஆணையின் எண் ஆகியவற்றை முதலிலேயே எழுதிவிட வேண்டும். படை எண் இல்லாத கடிதம் முகவரியில்லாத தபாலுக்கு ஒப்பு. ஏட்டில் எவ்வாறு இருக்கிறது, எவ்வாறு இருக்க வேண்டும் என்று இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால் படிப்பவருக்கு எளிது. பட்டாளத்தில் பட்ட பாட்டையெல்லாம் நான்கு பக்கம் எழுதுவது நம்மவர் வழக்கம், அதனைத் தவிர்க்கலாம். டிஸ்சார்ஜ் புத்தகத்தின் நகலும் ஆதார் நகலும் இணைத்தல் வேண்டும். பெயர் வேற்றுமை பெரிதாயின், இரு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்னும் பிரமாணப் பத்திரத்தை மாஜிஸ்திரேட் முன் செய்து தரவும், பத்திரிகைகளில் விளம்பரம் செய்யவும் பொதுவாகக் கேட்கின்றனர். எதை எவர் முன் செய்வது என்பதில் காரியாலயத்துக்குக் காரியாலயம் சிறு வேற்றுமை உண்டு. ஆகவே முன்கூட்டியே அவர்களிடம் படிவத்தைக் கேட்டுப் பெறுவது பணத்தையும் காலத்தையும் மிச்சப்படுத்தும். சான்றுகள் கன்னடத்திலோ தமிழிலோ இருந்தால், சான்றுறுதி பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்க்க வேண்டும். ஜபல்பூரில் இருப்பவர் கன்னடம் படிப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று.

மைசூரிலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகம் பதிவேட்டைத் திருத்தாது என்று மேலே கூறினோம். ஆயினும் அதன் உதவி பெரிது. படிவங்களைச் சரிபார்த்து மேலொப்பமிட்டு அனுப்புவது அவ்வலுவலகமே. தமிழ்நாட்டில் பதிவு செய்துகொண்டு இங்கே வாழ்பவர், பதிவை இம்மாவட்டத்துக்கு மாற்றிக்கொண்டால் ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஊருக்குப் பயணம் போகாதிருக்கலாம். ஏட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதே தெரியாதோர், 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்துடன் நகல் கேட்கலாம். 30 நாளுக்குள் விடை தர வேண்டும் என்பது சட்டம்.

மறுப்பு வந்தால், அம்மறுப்பை எழுத்தில் பெற்று வைத்துக்கொள்ள வேண்டும். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்கு அதுவே நுழைவுச் சீட்டு. இறுதி ஆணை கிடைத்து ஆறு மாதத்துக்குள் செல்ல வேண்டும். தமிழர் பலர் சென்னை அமர்வை நினைப்பர். கர்நாடகத்தில் குடியிருப்பவர்க்கு உரியது கொச்சி அமர்வு. காலந்தாழ்த்தினால் உரிமை முழுதும் போய்விடாது எனினும் நிலுவை குறையும். நோயால் விலக்கப்பட்ட ஒரு சிப்பாய் 16 ஆண்டு கழித்து வழக்குத் தொடுத்தபொழுது, பென்ஷன் மாதந்தோறும் தொடரும் உரிமையாதலால் அதனைக் கேட்கலாம் என்ற உச்ச நீதிமன்றம், நிலுவையை வழக்குக்கு முந்திய ஏறத்தாழ மூன்று ஆண்டுக்கே சுருக்கியது. அத்தீர்ப்பு 2008இல் வந்தது. ஏனைய ஆண்டுகளின் தொகை போனது போனதே.

நோயைப் பற்றிய பதிவும் ஏட்டின் பகுதியே. சேரும்பொழுது எழுதிய மருத்துவக் குறிப்பில் ஒரு நோய் இல்லாமலிருந்து, பின்னர் அந்நோயால் சிப்பாய் விலக்கப்பட்டால், அது பணியால் வந்ததென்றே கொள்ள வேண்டும். அல்லவென்று காட்டும் சுமை இராணுவத்தையே சாரும் என்று 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் தீர்ப்பாயிற்று. 2023 செப்டம்பர் 21ஆம் தேதிக்குப் பின் விலகியவர்களுக்குப் புதிய விதிகள் வந்துள்ளன. அதற்கு முன்னர் விலகியவர்கள் தம் முதல் மருத்துவக் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்கிப் படித்துப்பார்ப்பது பயன் தரும்.

திருத்தம் ஏற்கப்பட்டால் திருத்தப் பென்ஷன் ஆணை ஒன்று வெளியாகும். அது வந்துவிட்டதென்று பழைய ஆணையை எறிந்துவிடலாகாது. இரண்டையும் ஒரே உறையில் வைத்து, உறையின் மேல் படை எண்ணை எழுதி, வீட்டில் எவ்விடத்தில் இருக்கிறதென்று மனைவியிடமும் மூத்த பிள்ளையிடமும் சொல்லிவைக்க வேண்டும்.